வெடிக்காத மணைக்கட்டை: இரண்டு பலாப்பலகை, இரண்டு கால்

2020 ஆனி மாதம், ஒரு ராத்திரி கூடத்தில் டப்பென்று ஒரு சத்தம். சிதறுகாய் உடைத்த மாதிரி. வீட்டுக்காரர் எழுந்து போய் கேஸ் சிலிண்டரைப் பார்த்தார். நான் இன்வெர்ட்டரைப் பார்த்தேன். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. காலையில் பெருக்கப் போனபோதுதான் தெரிந்தது, எட்டு மாசத்துக்கு முன்னால் உட்காருவதற்காக நான் செய்த மணைக்கட்டை நீளவாக்கில் வாய் பிளந்து கிடக்கிறது என்று. அரை நூல் அகலத்துக்குப் பிளவு. நாலு முனையிலும் ஸ்க்ரூ, கால் முழுக்கப் பசை, அசையவே கூடாது என்று இறுக்கி இறுக்கிச் செய்தது.

நூல் என்றதும் தையல் நூலை நினைக்க வேண்டாம். தச்சு வேலையில் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். கடையிலும் பட்டறையிலும் இன்னும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது, அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் சர்வேயராக வேலை பார்த்து 2018-ல் ஓய்வு பெற்றவள். சங்கிலியும் குறுக்குக்கோலுமாக வரப்பு வரப்பாக நடந்த காலம் போய், இப்போது கடலூரில் எங்கள் வீட்டு போர்டிகோவில், எட்டுக்குப் பத்தடி இடத்தில், ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு மர வேலை செய்கிறேன். கார் வாங்குவோம் என்று கட்டிய போர்டிகோ. கார் வரவில்லை, உளி வந்தது.

அந்த மணை எப்படி வெடித்தது, வெடிக்காமல் எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. வீட்டில் மர வேலை பழக நினைப்பவர்களுக்கு மணையைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை. மொத்தமே மூன்று உருப்படி. ஆனால் பலகை ஒட்டுவது, காடி (கால் உட்காரும் பள்ளம்) எடுப்பது, இழைப்பது, எண்ணெய் பூசுவது என்று எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

ஏன் வெடித்தது

ஆடியில் ஜன்னல் கொண்டி மாற்ற வந்த ஆசாரி ஐயாவிடம் மணையைக் காட்டினேன். கையில் வாங்கி, திருப்பி, அடிப்பக்கம் ஸ்க்ரூவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"போன ஐப்பசியில உங்க வாசக்கதவ இழைச்சுக் குடுத்தேனே, ஞாபகம் இருக்காம்மா?"

"இருக்கு. மூடவே முடியலையே அப்ப."

"இப்ப எப்படி இருக்கு?"

"லொடலொடன்னு ஆடுது."

"அதேதாம்மா இதுவும்."

மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பும், வெயிலில் இளைக்கும். இது எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது, அது எந்தப் பக்கம் உப்புகிறது என்பது. மர நாரின் ரேகை ஓடும் திசையில், அதாவது நீளத்தில், மரம் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. அகலத்தில்தான் அசைகிறது. மணையின் மேல்பலகைக்கு ரேகை நீளவாக்கில் ஓடுகிறது. அதன் அடியில் குறுக்கே வைக்கிற காலுக்கு ரேகை காலின் நீளத்தில் ஓடுகிறது. ஆக, பலகை அகலத்தில் சுருங்கப் பார்க்கிறது, கால் சுருங்க மாட்டேன் என்கிறது. இரண்டையும் பசை போட்டு ஸ்க்ரூவும் போட்டுக் கட்டினால் யாராவது ஒருவர் கிழிந்துதானே ஆக வேண்டும்? நான் செய்தது ஐப்பசி மழையில், பலகை நன்றாக உப்பியிருந்த நேரத்தில். ஆனியில் மேல்காற்று அடித்ததும் கதை முடிந்தது.

அளந்து பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அந்த வருஷம் பத்தங்குல அகலமுள்ள ஒரு பலாத்துண்டில் பென்சிலால் கோடு போட்டு அலமாரி மேல் வைத்தேன். கார்த்திகையில் 254 மி.மீ. அடுத்த வைகாசிக் கடைசியில் 252. இரண்டு மில்லிமீட்டர்தான், ஒரு நூல்கூட இல்லை. மணையைப் பிளக்க அது போதும்.

மரம்

என்னிடம் இருந்த மரத்துக்கு ஒரு கதை உண்டு. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. என் நாத்தனார் வீட்டுக் கொல்லையில் விழுந்த பலாவை அடுத்த தை மாசம் அறுத்து, பலகைகளுக்கு இடையில் குச்சி வைத்து மாட்டுக்கொட்டகைப் பரணில் அடுக்கியிருந்தார்கள். கதவு செய்யலாம் என்று எண்ணம், செய்யவில்லை. 2019-ல் நான் போய்க் கேட்டபோது, "எடுத்துக்கோங்க அண்ணி, பாம்பு அடையுது" என்றார். ஓரத்து வெளிறைப் பூச்சி தின்று பொடியாக்கியிருந்தது. உள்ளே இருந்த வைரம், அதாவது கெட்டியான நடுமரம், அப்படியே மஞ்சளாக இருந்தது.

வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம் பலா. இழைக்கச் சுகமாக இருக்கும். புதுசாக இழைத்ததும் மாம்பழ மஞ்சளில் இருக்கும், வெயில் பட்டு வருஷம் போகப் போகக் கருப்பட்டி நிறத்துக்கு வரும். அதன் தூள் வியர்வைக் கையில் மஞ்சளாக ஒட்டும். பலாக் கட்டையை வேகவைத்த சாற்றில்தான் புத்த பிக்குகளின் அங்கிக்குச் சாயம் ஏற்றினார்கள் என்பதை, என் வெள்ளைத் துப்பட்டாவைப் பார்த்த பிறகு எளிதாக நம்பினேன்.

உங்களுக்குப் பலா கிடைக்காவிட்டால் வேம்பு, மா, பூவரசு, தேக்கு எதுவும் சரி. பிளைவுட் வேண்டாம், அது வேறு சங்கதி. தேக்கில் இரண்டு தொந்தரவு: அதில் இருக்கும் சிலிக்கா உளியைச் சீக்கிரம் மழுக்கும், எண்ணெய்ப்பசை இருப்பதால் ஒட்டுவதற்கு முன் தின்னர் தொட்டுத் துடைக்க வேண்டும்.

எவ்வளவு மரம் வேண்டும்? மேல்பலகை 18 அங்குல நீளம், 10 அகலம், ஒரு அங்குலக் கனம்: 180 கன அங்குலம். கால் ஒவ்வொன்றும் 10-க்கு 2-க்கு ஒன்றேகால்: இரண்டுக்கும் 50. ஆக 230, சேதாரம் கால்வாசி சேர்த்தால் 288 என்று வையுங்கள். ஒரு கன அடிக்கு 1,728 கன அங்குலம், அப்படியானால் நமக்குத் தேவை ஆறில் ஒரு பங்கு கன அடி. இதைக் கேட்டுக்கொண்டு மரவாடிக்குப் போனால் உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். வாசக்கால் செய்கிற பட்டறைக்குப் போங்கள். மூலையில் துண்டு மரம் குவிந்து கிடக்கும், அடுப்புக்குப் போகப் போகிற சரக்கு. காலையில் முதல் ஆளாகப் போகாதீர்கள், சாயங்காலம் கூலி கொடுக்கும் நேரத்தில் போனால் நிதானமாகப் பேசுவார்கள். வீடு இடித்த பழைய மரம் என்றால் இன்னும் நல்லது, காய்ந்து பல வருஷம் ஆகியிருக்கும். ஆனால் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். மறைந்திருக்கிற ஒரு ஆணி இழைப்புளித் தகட்டைக் காலி பண்ணிவிடும்.

பச்சை மரத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காய வேண்டும் என்பது தச்சர்களின் கணக்கு.

சாமான்

முதல் ஆறு மாசத்துக்கு இவ்வளவுதான் வேண்டும்: முதுகில் இரும்புப் பட்டை வைத்த சின்ன ரம்பம், 12 மி.மீ உளியும் 18 மி.மீ உளியும் ஒவ்வொன்று, ஒரு இழைப்புளி, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தி, செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம், ஸ்டீல் ஸ்கேல், கட்டர் கத்தி, இரண்டு சி கிளாம்ப், டிரில்லிங் மெஷின், சாணைக்கல். வட்ட ரம்ப மெஷின் வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்காதீர்கள். எட்டடி இடத்தில், செருப்புகூடப் போடாமல், பேரக்குழந்தை ஓடுகிற வீட்டில் அது தேவையில்லை.

மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதியுங்கள். நேரான ஓரமுள்ள ஒரு பலகையில் அதை அணைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் சரி. மேலே போகப் போக விலகினால் அந்த விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை. நான் மூன்று மட்டத்தைத் திருப்பிக் கொடுத்து நாலாவதை எடுத்தேன். கடைப் பையன், "அக்கா, நீங்க கோர்ட் கேஸுக்கு அளக்கப் போறீங்களா?" என்றான்.

மேசைக்குப் பழைய கதவு ஒன்றை சிமென்ட் கல் அடுக்கி அதன் மேல் போட்டிருக்கிறேன். ஆடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதோடு ஒரு பிடிப்பலகை செய்துகொள்ளுங்கள். ஓரடிப் பலகையின் ஒரு முனையில் மேலே ஒரு கட்டை, மறுமுனையில் கீழே ஒரு கட்டை. கீழ்க்கட்டை மேசை ஓரத்தில் மாட்டிக்கொள்ளும், மேல்கட்டையில் மரத்தைச் சாய்த்து அறுக்கலாம். அரை மணி நேர வேலை, கிளாம்ப் போட்டுப் போட்டுக் கழற்றுகிற பாடு மிச்சம்.

தீட்டுவது

கடையிலிருந்து வருகிற புது உளி வெட்டாது. எனக்கு இது தெரியாமல், ஒரு வாரம் மரத்தை மென்றுகொண்டிருந்தேன்.

முதலில் உளியின் தட்டை முதுகை, நுனியிலிருந்து ஒரு அங்குல நீளத்துக்கு, கல்லில் முழுசாகப் படிய வைத்துத் தேயுங்கள். நுனி வரை ஒரே சீராக மின்ன வேண்டும். இது ஒருமுறை செய்தால் போதும். அப்புறம் சாய்வு முகம். 30 டிகிரி வேண்டும் என்பார்கள், கோணமானி வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. உளியின் கனம் 3 மி.மீ என்றால் சாய்வு முகத்தின் நீளம் 6 மி.மீ இருக்க வேண்டும். கனத்தைப்போல இரண்டு மடங்கு: அதுதான் 30 டிகிரி. சாய்வு முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படித்துவிட்டு நாலு தேய் தேய்த்துப் பாருங்கள். எங்கே மை போயிருக்கிறதோ அங்கேதான் கல் படுகிறது. மேல்பக்கம் மட்டும் போயிருந்தால் கையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். நுனியில் மட்டும் போயிருந்தால் தாழ்த்துங்கள்.

கல்லுக்கு மெஷின் ஆயில் விடுங்கள். சமையல் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசுபிசுத்துக் கல் அடைத்துக்கொள்ளும். தேய்த்துக்கொண்டே இருக்கும்போது, முதுகுப் பக்கம் விரலால் தடவினால் நுனியில் ஒரு பிசிறு தட்டுப்படும். அகலம் முழுக்கப் பிசிறு வந்துவிட்டால் அந்தப் பக்கம் முடிந்தது. நயமான பக்கத்துக்குக் கல்லைத் திருப்பி இன்னொரு முறை தேய்த்து, முதுகைப் படிய வைத்து இரண்டு இழுப்பு, கடைசியில் பழைய பெல்ட் தோலில் பத்து இழுப்பு. செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு உளியால் இறக்கினால் சத்தமில்லாமல் கிழிய வேண்டும். இழைப்புளித் தகட்டுக்கும் இதே வேலைதான்.

இரண்டு பலகையை ஒன்றாக்குவது

பத்தங்குல அகலத்தில் ஒற்றைப் பலகை கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைத்தாலும் அது ஓடாக வளையும். ஐந்தேகால் அங்குலத்தில் இரண்டு பலகையை ஒட்டுவதுதான் நல்லது. முனைகளில் வளையங்களைப் பாருங்கள், ஒரு பலகையில் வளைவு மேலே பார்த்தால் அடுத்ததில் கீழே பார்க்கும்படி வையுங்கள். வளைந்தாலும் ஒன்றை ஒன்று ஈடுகட்டும். மேல்பக்கம் பென்சிலால், இரண்டு பலகையிலும் சேர்ந்தாற்போல ஒரு பெரிய முக்கோணம் வரைந்துவிடுங்கள். அப்புறம் எது இடது எது வலது என்ற குழப்பம் வராது.

இப்போது ஓரங்களை இழைக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் இழைப்புளி கையில் கொஞ்சம் சாயும், ஓரம் சரியான செங்குத்தில் வராது. இதற்கு ஆசாரி ஐயா காட்டிய வழியைப் பார்த்துவிட்டு, முப்பது வருஷம் செக் லைன் (அளவு சரியா என்று பார்க்கிற கோடு) போட்டு அளந்த நானே வாயைப் பிளந்தேன். இரண்டு பலகையையும் திறந்த புத்தகமாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், முக்கோணம் மேலே. இப்போது புத்தகத்தை மூடுவதுபோல் மடக்குங்கள். ஒட்டப் போகிற இரண்டு ஓரமும் ஒரே பக்கமாக, சேர்ந்து நிற்கும். அப்படியே கிளாம்ப் போட்டு இரண்டையும் ஒரே இழைப்பாக இழையுங்கள். உங்கள் கை இரண்டு டிகிரி சாய்ந்திருந்தால் ஒரு பலகையில் 88, இன்னொன்றில் 92. திறந்து சேர்த்தால் 180. தப்பு தப்போடு சேர்ந்து நேராகிவிடும்.

இழைக்கும் திசை: பூனை முதுகைத் தடவுகிற மாதிரி ரேகை படுத்திருக்கிற பக்கமாகவே போக வேண்டும். எதிர்த்துப் போனால் மரம் சிலும்பும், பிய்ந்து வரும். சுருள் நீளமாக, உடையாமல், இழைப்புளி வாயிலிருந்து சர்ரென்று வந்தால் சரியான திசை. இரண்டு பலகையையும் சேர்த்து வைத்து டியூப்லைட்டுக்கு முன்னால் தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் எங்கும் கசியக் கூடாது.

பசைக்கு ஃபெவிகால் மெரைன். மணையை ஈரத்துணி போட்டுத் துடைப்பார்கள், சாதா ஃபெவிகால் அதற்குத் தாங்காது. ஓரம் முழுக்க மெல்லிசாகத் தடவி, சேர்த்து, கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தி அழுத்துங்கள். நீள கிளாம்ப் இல்லையா? வேண்டாம். தரையில் செய்தித்தாள் விரித்துப் பலகையை வையுங்கள். இரண்டு இடத்தில் கயிற்றைத் தளர்வாகச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். வெளி ஓரங்களில் கயிறு பதியாமல் இருக்கக் குச்சி ஒன்று வையுங்கள். கயிற்றுக்குள் ஒரு கட்டையைச் செருகி முறுக்குங்கள், சுமைவண்டியில் பாரம் கட்டுகிற அதே முறுக்கு. முறுக்க முறுக்கப் பலகை நடுவில் கூரையாக எழும்பப் பார்க்கும். அதன் மேல் அம்மிக்கல்லை வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டு அம்மிக்கு இப்போது இது ஒன்றுதான் வேலை. இணைப்பு நெடுக முத்து முத்தாகப் பசை பிதுங்கி வந்தால் போட்ட அளவு சரி. ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

மறுநாள் இரண்டு பக்கமும் இழைத்து 7 நூல் கனத்துக்குக் கொண்டு வாருங்கள். 18-க்கு 10 என்று அறுத்து, மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமம் என்றால் நாலு மூலையும் சரி.

காலும் காடியும்

கால் இரண்டும் 2 அங்குல உயரம், 9 நூல் கனம். நீளம் பலகை அகலத்தைவிட இரண்டு பக்கமும் ஒரு நூல் குறைவு, அதாவது ஒன்பதே முக்கால் அங்குலம். கோடையில் பலகை சுருங்கினாலும் காலின் முனை வெளியே துருத்தாமல் இருக்கத்தான் அந்த ஒரு நூல்.

பலகையின் அடிப்பக்கம், முனையிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி, குறுக்கே காடி எடுக்க வேண்டும். ஆழம் 2 நூல். அகலத்தை ஸ்கேலால் அளக்காதீர்கள். காலையே அந்த இடத்தில் நிற்க வைத்து, இரண்டு பக்கமும் கத்தியால் கோடு கீறுங்கள். இரண்டு காலையும் ஒரே கனம் என்று நினைத்து ஒன்றை வைத்து இரண்டு காடியும் கீறிவிட்டு நான் பட்ட பாடு போதும். ஒவ்வொரு காலும் அதனதன் காடிக்கு, மறக்காமல் 1, 2 என்று நம்பர் போட்டுக்கொள்ளுங்கள்.

கத்திக் கோட்டின் உள்பக்கமாக உளியைச் சாய்த்து ஒரு சின்ன வாய்க்கால் சீவுங்கள். ரம்பம் அதில் உட்கார்ந்துகொள்ளும், வழுக்காது. நேரான கட்டை ஒன்றைக் கோட்டை ஒட்டி கிளாம்ப் செய்து, அதில் ரம்பத்தை அணைத்து, 2 நூல் ஆழத்துக்கு அறுங்கள். ரம்பத்தில் அந்த ஆழத்தில் ஒரு டேப் ஒட்டிக்கொண்டால் பார்வைக்குத் தெரியும். இரண்டு அறுப்புக்கும் நடுவே இருக்கிற மரத்தை உளியால் எடுக்க வேண்டும். ஒரு பக்கமிருந்து தள்ளிக்கொண்டே போய் அந்தப் பக்கம் வெளியேறினால் ஓரம் பெயர்ந்துவிடும். இந்தப் பக்கமிருந்து பாதி, அந்தப் பக்கமிருந்து பாதி, நடுவில் ஒரு மேடு நிற்கும், கடைசியில் அதைச் சீவுங்கள். கொட்டாப்புளி முதலில் மட்டும்தான். கடைசி அரை நூலைக் கை அழுத்தத்திலேயே எடுங்கள். இன்னொரு கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். என் இடது ஆள்காட்டி விரலில் இருக்கிற தழும்பு அது முன்னால் இருந்த ஒரே ஒரு தடவை வந்தது.

கால் காடியில் கையால் அழுத்தினால் இறங்க வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. இறுக்கமாக இருந்தால் காலை ஒரு சுருள் இழையுங்கள், காடியைத் தொடாதீர்கள்.

இனிமேல்தான் வெடிக்காமல் இருப்பதற்கான வேலை. ஒவ்வொரு காலுக்கும் மூன்று ஸ்க்ரூ, காலின் அடியிலிருந்து பலகைக்குள் போகும். 12 மி.மீ பிட் போட்டு அடியிலிருந்து ஒரு அங்குல ஆழத்துக்குக் குழி எடுங்கள், ஸ்க்ரூத் தலையும் வாஷரும் அதற்குள் மறைந்துவிடும். மிச்சமுள்ள ஒரு அங்குலத்தில் நடு ஸ்க்ரூவுக்குச் சாதாரண வட்டத் துளை. இரண்டு ஓர ஸ்க்ரூவுக்கும் 5 மி.மீ பிட்டால், காலின் நீளவாக்கில், ஒட்டி ஒட்டி மூன்று துளை போட்டு நடுவே இருக்கிறதை வழித்து நீள் துளையாக்குங்கள். ஸ்க்ரூ பலகையோடு சேர்ந்து அதற்குள் நகரும். பசை, காலின் நடு இரண்டு அங்குலத்துக்கு மட்டும். ஓரங்களில் ஒரு சொட்டுகூடக் கூடாது. ஆக, பலகை நடுவில் பிடிபட்டு, இரண்டு பக்கமும் தன் இஷ்டத்துக்கு உப்பலாம், இளைக்கலாம்.

ஸ்க்ரூ எட்டாம் நம்பர், ஒன்றரை அங்குலம். கணக்கைப் பாருங்கள்: பலகை 7 நூல், காடி 2 போக மிச்சம் 5 நூல். ஸ்க்ரூ காலில் ஒரு அங்குலம் போனபின் பலகைக்குள் 4 நூல் ஏறும். மேலே மிச்சம் ஒரே ஒரு நூல். குழியை ஒரு நூல் கூடுதலாகத் தோண்டிவிட்டால் உட்காருகிறவருக்கு ஸ்க்ரூ முனை சொல்லும். ஆகவே டிரில் பிட்டிலும் டேப் ஒட்டி அளவு வைத்துக்கொள்ளுங்கள், பலகைக்குள் 3 மி.மீ பிட்டால் முன்துளை போடுங்கள்.

கடலோர ஊரில் இரும்பு ஸ்க்ரூ துருப்பிடித்துவிடும், பித்தளை வாங்குங்கள். பித்தளை மெத்தென்றது, நேரே முறுக்கினால் கழுத்து முறியும். முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஏற்றி இறக்கி வழி செய்துவிட்டு, பிறகு பித்தளையை மெழுகுவத்தியில் தேய்த்து ஏற்றுங்கள்.

பெரிய தச்சர்கள் ஸ்க்ரூவே இல்லாமல், காடியையும் காலின் தலையையும் புறாவின் வால் வடிவத்தில் செதுக்கி, பக்கவாட்டில் நுழைத்துத் தட்டிவிடுவார்கள். அழகான வேலை. மூன்றாவது மணையில் முயன்று பாருங்கள்.

உப்புத்தாளும் எண்ணெயும்

மணையைத் தரையில் வைத்தால் ஆடும். ஆடாமல் யாருக்கும் வந்ததில்லை. கிரானைட் மேடையில் 80-ம் நம்பர் உப்புத்தாளை விரித்து ஒட்டி, மணையை அதன் மேல் வைத்து முன்னும் பின்னும் இழுங்கள். நாலு முனையிலும் தாள் பட்ட அடையாளம் வந்ததும் நிறுத்திவிடலாம். சமையல் மேடையை இதற்குப் பயன்படுத்துவதை யாரும் பார்க்காத நேரமாகச் செய்வது நல்லது.

மேல்பக்கம் 80, 120, 220 என்று வரிசையாக, ரேகை போகிற திசையில் மட்டும். கூர்முனைகளைக் கொஞ்சம் மழுக்குங்கள், தொடையில் பட்டால் குத்தும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் படுத்திருந்த நார் எல்லாம் எழுந்து நிற்கும், 220-ஆல் மெதுவாக இன்னொருமுறை. இதெல்லாம் செய்யும்போது மாஸ்க் போடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் துண்டைக் கட்டிக்கொண்டே வேலை செய்கிறார்கள் என்று சொல்லாதீர்கள், அவர்களில் எத்தனை பேர் இருமுகிறார்கள் என்று பட்டறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள்.

வார்னிஷ் பளபளக்கும், ஆனால் கீறல் விழுந்தால் அசிங்கம். நான் பூசுவது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். பெயின்ட் கடையில் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். முதல் பூச்சு, எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து. கால் மணி நேரம் ஊறவிட்டு மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிட வேண்டும், தேங்கவிட்டால் பிசினாகிவிடும். பலாவில் முதல் துணி படுகிற அந்த நொடியைப் பார்க்கத்தான் நான் இத்தனையும் செய்கிறேன் என்று சில நாள் தோன்றும். மங்கலாகக் கிடந்த பலகையில் ரேகை ஒவ்வொன்றாக எழுந்து வரும். பிறகு கலக்காத எண்ணெய் இரண்டு பூச்சு, வெயில் காலத்தில் ஒரு நாள் இடைவெளி, கார்த்திகை என்றால் மூன்று நாள்.

துடைத்த துணி விஷயத்தில் கவனம். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு பிறக்கும். துணியைச் சுருட்டிப் போட்டால் சூடு உள்ளேயே தங்கித் தானாகத் தீப்பிடிக்கும். நம்பாமல், ஒருநாள் சாயங்காலம் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து எதற்கோ கையை விட்டால், அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய இட்லித் துணி மாதிரி சுட்டது. அன்றிலிருந்து தண்ணீர் வாளியில் முக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் கொடியில் விரித்துப் போட்டுக் காயவைக்கிறேன்.

மிஞ்சிய துண்டுகளை எறியாதீர்கள். கால் அறுத்த மிச்சத்தைக் குறுக்கே சாய்வாக அறுத்தால் இரண்டு கதவு ஆப்பு. எங்கள் ஊர்க் காற்றுக்கு வீட்டுக்கு நாலு தேவைப்படும், அக்கம்பக்கத்தில் கொடுத்தே என் துண்டு மரம் தீர்ந்துவிட்டது.

கடைசியாக, மணையின் அடியில் பென்சிலால் தேதியையும் அன்றைய அகலத்தையும் எழுதிவையுங்கள். என்னுடைய இரண்டாவது மணையில் "ஐப்பசி, 254" என்று இருக்கிறது. அதன் கீழே "வைகாசி, 252". அதற்கும் கீழே பேத்தி நீல மையில் தன் பெயரை எழுதி, பக்கத்தில் 112 என்று போட்டிருக்கிறாள். சுவரில் நிற்கவைத்து அளந்த அவள் உயரமாம், சென்டிமீட்டரில்.